ஒற்றை ஸ்க்ரூ மூடி

மடிக்கணினியைக் கவிழ்த்து வைத்தால் போதும், அதன் வயதைச் சொல்லிவிடலாம். அடிப்பக்கத்தில் ஒன்றோ இரண்டோ ஸ்க்ரூ போட்ட சின்ன மூடி தனியாக இருந்து, அதன்மேல் ராமின் கோட்டுப்படம் பொறித்திருந்தால், அது பெரும்பாலும் தொண்ணூறுகளின் கடைசிக்கும் 2013க்கும் இடையில் செய்யப்பட்டது. மூடியே இல்லாமல் அடித்தகடு முழுக்க ஒரே துண்டாக, சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூவோடு இருந்தால் அதற்குப் பிந்தியது. ஸ்க்ரூவைத் தேடினாலும் கிடைக்காமல், ரப்பர் காலை உரித்த பிறகுதான் தென்படுகிறது என்றால் இன்னும் புதியது. அதைக் கொண்டுவருகிறவரிடம் பேச்சை ஆரம்பிக்கும்போதே கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பேன்.

பழைய லேப்டாப்பைத் தள்ளிவிடாமல் அதிலேயே ராம் கூட்டி, டிஸ்க் மாற்றி, இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டுவது நம் ஊரில் ஒரு வழக்கமாகவே ஆகியிருக்கிறது. கேட்டால் சிக்கனம் என்பார்கள். சிக்கனம் எந்தக் காலத்தில் இல்லை? கைக்கடிகாரத்தையும் மிக்ஸியையும் பழுது பார்த்தோம், ஆனால் அவற்றை வாங்கிய நாளைவிட மேலானதாக யாரும் மாற்றியதில்லை. லேப்டாப்பில் அது நடந்தது. காரணம் அந்தச் சின்ன மூடி. அது வந்ததும் போனதும்தான் இந்தத் தொழிலின் சரித்திரம் என்பது என் கட்சி.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு 1997இல் சென்னை ரிச்சி தெருவுக்கு வேலைக்கு வந்தவள். அண்ணா சாலைக்குப் பின்புறம், காசினோ தியேட்டர் பக்கமாக நுழைந்தால் வரும் தெருக்கள் அவை. ஊரார் மொத்தமாக ரிச்சி தெரு என்றாலும் வியாபாரம் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பரவிக் கிடக்கிறது. மீரான் சாகிப் தெரு ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் தெரு. படப்பெட்டி போன வழியில் இன்றைக்கு மானிட்டர் அட்டைப்பெட்டி போகிறது. இந்தப் பக்கம் சிந்தாதிரிப்பேட்டை. 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை. கூவத்துக்கு அந்தப் பக்கம் புதுப்பேட்டை, பழைய கார், பைக்குகளைப் பிரித்துப் போட்டு உதிரிபாகம் விற்கும் இடம். எங்கள் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் புதுப்பேட்டையை விட்டுவிடுகிறார்கள். எனக்கென்னவோ ஆற்றுக்கு இந்தக் கரையில் நடப்பதும் அதே காரியம்தான் என்று தோன்றும்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் இந்தத் தெரு ரேடியோ பார்ட்ஸ் தெரு. நான் சேர்ந்த கடைக்கு எதிர்ச் சந்தில் ஒரு பாய் உட்கார்ந்திருப்பார். வால்வ் ரேடியோ காலத்து ஆள். டிரான்சிஸ்டர் வந்து, டேப் ரெக்கார்டர் வந்து, விசிஆர் வந்து, எல்லாவற்றுக்கும் அதே சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தவர். மர்ஃபி, புஷ் ரேடியோக்களின் பின்பக்கத்தில் ஓட்டை போட்ட அட்டை ஒன்று இருக்கும். நாலு ஸ்க்ரூ கழற்றினால் கையோடு வந்துவிடும். பல செட்டுகளில் எந்த வால்வ் எங்கே என்று படமே உள்ளே ஒட்டியிருக்கும். "திறக்கணும்னு நெனச்சுத்தாம்மா செஞ்சிருக்கான்" என்பார் பாய். அன்றைக்கு அந்தப் பேச்சை ஒரு கிழவரின் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். லேப்டாப் மேசைக்கு வந்த பிறகு அதன் கனம் புரிந்தது.

ரேடியோ தெரு கம்ப்யூட்டர் தெருவானதற்குப் பல காரணங்கள். 1981இல் ஐபிஎம் தன் பிசியை ஊரில் கிடைக்கிற உதிரிகளை வைத்தே கட்டியதால், மற்றவர்களும் அதைப் பார்த்துச் செய்ய முடிந்தது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதிக் கெடுபிடிகளைத் தளர்த்தியது. 1997இல் இந்தியா தகவல் தொழில்நுட்ப வர்த்தக ஒப்பந்தத்தில் சேர்ந்து, இந்தச் சாமான்களுக்கான இறக்குமதி வரியைப் படிப்படியாகக் குறைத்து 2005க்குள் பூஜ்யமாக்குவதாக ஒப்புக்கொண்டது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷமும் அதுவே என்பதால் எனக்கு அந்தத் தேதி மறப்பதில்லை. முதலாளி தினமும் சிங்கப்பூர் விலை, தைவான் விலை என்று போனில் பேசிக்கொண்டிருப்பார். அசெம்பிள்டு சிஸ்டம் கட்டித் தருவதுதான் அப்போது பிழைப்பு. மதர்போர்டு ஒரு கடை, கேபினெட் ஒரு கடை, ஹார்ட் டிஸ்க் ஒரு கடை. வாடிக்கையாளர் கையில் ஒரு கொட்டேஷன் சீட்டோடு நாலு படி ஏறி இறங்குவார்.

இப்படிக் கட்டப்பட்ட கணினிக்கு முடிந்துபோனது என்கிற நிலையே கிடையாது. ஆறு மாதம் கழித்து வந்து ராம் மட்டும் கூட்டிக்கொண்டு போவார்கள், அடுத்த தீபாவளிக்கு ஹார்ட் டிஸ்க், பையன் கேட்டான் என்று சவுண்ட் கார்டு. கேபினெட் அதேதான், உள்ளே மட்டும் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். லேப்டாப் இந்தத் தெருவுக்கு வருமுன்பே தெருவுக்கும் வாடிக்கையாளருக்கும் இந்தப் பழக்கம் ஊறிவிட்டிருந்தது.

முதலில் வந்த லேப்டாப்புகள் இந்தப் பழக்கத்துக்கு வளைந்து கொடுக்கவில்லை. காம்பாக், தோஷிபா, ஐபிஎம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு ராஜ்யம். ராம் கூட்ட வேண்டும் என்றால் அந்தந்தக் கம்பெனிக்கென்றே வடிவமைத்த அட்டை வேண்டும். ஒன்றினுடையது இன்னொன்றில் ஏறாது. விலை கேட்டால் தலை சுற்றும். அப்போது அதை வைத்திருந்தவர்களும் பெரிய அதிகாரிகள், வெளிநாடு போய் வந்த டாக்டர்கள், இப்படிப்பட்டவர்கள்தான்.

நிலைமையை மாற்றியது சோடிம் என்கிற சின்ன அட்டை. டெஸ்க்டாப் ராமின் பாதி நீளம்தான் இருக்கும். ஜெடெக் என்ற அமைப்பு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக அதன் அளவையும் கால்களின் வரிசையையும் வகுத்துக் கொடுத்தது. முதலில் 72 கால், தொண்ணூறுகளின் கடைசியில் 144, டிடிஆர் வந்ததும் 200, டிடிஆர்3க்கு 204, டிடிஆர்4க்கு 260. தலைமுறை மாறும்போது கால் எண்ணிக்கையோ நடுவில் உள்ள வெட்டின் இடமோ மாறிவிடும், தவறிப்போய் மாற்றிச் செருக முடியாது. ஹார்ட் டிஸ்க்கிலும் இதே ஒழுங்கு வந்தது. 1988இல் பிரெய்ரிடெக் என்ற கம்பெனி 20 எம்பி கொள்ளளவில் முதல் இரண்டரை அங்குல டிஸ்க்கைக் கொண்டுவந்தது; அந்த இரண்டரை அங்குலம் நிலைத்துவிட்டது. உள்ளே வைப்பது எல்லோருக்கும் பொது என்றான பின் அதற்கு வழி விட்டால்தானே முறை? அப்படித்தான் அடிப்பக்கத்தில் ராமுக்கு ஒரு மூடி, டிஸ்க்குக்கு ஒரு மூடி என்று வந்து சேர்ந்தன.

ராம் போடுவதை ஒருமுறை நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடித்துவிடுவோம். மூடியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது தூசிதான். பழைய ராமின் இரண்டு பக்கமும் மெல்லிய தகட்டுக் கைகள் பிடித்துக்கொண்டிருக்கும். இரு கட்டைவிரலாலும் அவற்றை வெளியே தள்ளினால் அட்டை தானாக முப்பது டிகிரி எழும்பி நிற்கும். அதே சாய்வில் உருவ வேண்டும். அதன் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மேலிருந்து கீழாகத் தேய்ப்போம். "ஆன் ஆகல, மூணு தடவ பீப் அடிக்குது" என்று வரும் கேசுகளில் கணிசமானவை இந்த ரப்பரோடு தீர்ந்துவிடும். புதியதை அதே சாய்வில் கடைசிவரை செலுத்தி, பிறகு கீழே அமுக்கினால் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் கிளிக் என்று பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் வந்தால் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். இவ்வளவுதான் வேலை. காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். இதற்குச் சர்வீஸ் சார்ஜ் கேட்கவே எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது.

எங்கள் பொற்காலத்தைத் தொடங்கிவைத்தது விண்டோஸ் விஸ்டா. 2007 ஜனவரியில் வந்தது. எக்ஸ்பி சுகமாக ஓடிக்கொண்டிருந்த 512 எம்பி இயந்திரங்கள் விஸ்டாவைப் போட்டதும் மூச்சு வாங்கின. 'விஸ்டாவுக்குத் தகுதியானது' என்று கம்பெனியே ஸ்டிக்கர் ஒட்டி விற்றவற்றின் கதியும் அதுதான். அமெரிக்காவில் அந்த ஸ்டிக்கருக்காக வழக்கே போட்டார்கள். உலகம் பூராவும் விஸ்டாவைத் திட்டியது; எங்கள் தெருவில் மட்டும் ஒருவரும் திட்டவில்லை. ஒரு ஜிபி, இரண்டு ஜிபி என்று ராம் விற்று மாளவில்லை. கல்லூரிகள், ஆடிட்டர் ஆபீசுகளிலிருந்து மொத்தமாகப் பை நிறைய லேப்டாப் கொண்டுவந்து இறக்குவார்கள்.

ராமோடு நிற்கவில்லை. அந்தக் காலத்து லேப்டாப்புகளில் பிராசஸர்கூட சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருந்தது. சாக்கெட்டின் ஓரத்தில் உள்ள ஸ்க்ரூவை அரைவட்டம் திருப்பினால் பிராசஸர் கைக்கு வந்துவிடும். பென்டியத்தை எடுத்துவிட்டு அதே தலைமுறை ஐ5 ஒன்றைப் பழைய மெஷினிலிருந்து கழற்றிப் போட்டு, தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவி மூடிக் கொடுத்திருக்கிறோம். இன்டெல்லின் நான்காம் தலைமுறைவரை, அதாவது 2013வரை, இது முடிந்தது. அதற்கப்புறம் லேப்டாப் பிராசஸர் போர்டோடு பற்றவைத்தே வரத் தொடங்கியது. டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி என்ற சட்டம் ஒன்றை வாங்கிச் செருகி, இரண்டாவது டிஸ்க் போட்டுக்கொள்ளும் உத்தியும் அப்போது வந்ததுதான். கேடி வாங்கும்போது 12.7 மில்லிமீட்டரா, 9.5 மில்லிமீட்டரா என்று பார்க்காமல் வாங்கினால் திரும்ப வந்து நிற்க வேண்டும்.

2011 செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளன்று, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கொள்முதல் எல்காட் என்ற அரசு நிறுவனம் வழியாக. ஏசர், லெனோவோ, எச்சிஎல் என்று பல கம்பெனிகள் சப்ளை செய்தன. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் லட்சக்கணக்கில் பெற்றார்கள். இந்தத் தொழிலின் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய சம்பவம் இல்லை. அதுவரை லேப்டாப் அப்கிரேட் என்பது சென்னை, கோவை சங்கதி. அந்த இரண்டு மூன்று வருஷத்தில் திண்டிவனத்திலும் பரமக்குடியிலும் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் பக்கத்திலேயே ஒரு மேசை போட்டு, 'லேப்டாப் சர்வீஸ்' என்று போர்டு மாட்டினார். ஊர் ஊராக அப்படிப் பழகியவர்களில் பலர் சரக்கு எடுக்க ரிச்சி தெருவுக்குத்தான் வந்தார்கள், இன்றைக்கும் வருகிறார்கள். கவர்மெண்ட் லேப்டாப் ஒரு மாநிலம் முழுக்க ஸ்க்ரூடிரைவர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் மிகையில்லை. அந்தத் திட்டத்தைப் பற்றி எத்தனையோ விவாதம் கேட்டிருக்கிறேன், இதை யாரும் கணக்கில் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஆரம்ப வருஷங்களில் என் மேசைக்கு வந்தவற்றில் 2 ஜிபி ராமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம், விண்டோஸ் இன்னொரு பக்கம். ஒரு தம்பி வந்தான், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். ஹாஸ்டலில் யாரோ சொல்லி 2 ஜிபி ராம் ஒன்று தானே வாங்கிப் போட்டிருக்கிறான். "அக்கா, ஸ்லோவாவே இருக்கு, டூப்ளிகேட் ராம் குடுத்து ஏமாத்திட்டாங்க" என்று கண் கலங்காத குறை. திறந்து பார்த்தேன், ராம் சுத்தமான சரக்கு. விஷயம் வேறு. அதில் இருந்தது விண்டோஸ் 7இன் ஸ்டார்ட்டர் பதிப்பு. அதற்கு 2 ஜிபிக்கு மேல் பயன்படுத்த மைக்ரோசாஃப்டே அனுமதி வைக்கவில்லை. நாலு ஜிபி போட்டாலும் எட்டு போட்டாலும் அது இரண்டோடு நின்றுவிடும். அதே மெஷினில் பாஸ் லினக்ஸைத் திறந்து காட்டினேன். கூட்டிய ராமை அது எடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தம்பிக்கு அன்றைக்கு ஏற்பட்ட ஞானோதயத்தை அளந்து சொல்ல முடியாது. அப்புறம் லினக்ஸ் பக்கமே போய்விட்டான்.

வன்பொருளில் கதவு திறந்திருந்தும் மென்பொருளில் பூட்டு இருப்பது இது ஒன்றோடு போகவில்லை. பெரிய கம்பெனி ஒன்றின் லேப்டாப்பில் வைஃபை கார்டைக் கழற்றிவிட்டு வேகமான இன்னொன்றைப் போட்டால், ஆன் செய்ததும் 'அனுமதியில்லாத கார்டு' என்று எழுதிக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். தாங்கள் ஒப்புக்கொண்ட கார்டுகளின் பட்டியலை பயாஸுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். ஸ்லாட் பொது, ஸ்க்ரூ பொது, பட்டியல் மட்டும் அவர்களுடையது. காசு கொடுத்து வாங்கியவர் என்னைத்தான் முறைப்பார்.

விலையில்லா மடிக்கணினி தொடங்கிய அடுத்த மாதமே தாய்லாந்தில் வெள்ளம். உலகத்து ஹார்ட் டிஸ்க்கில் கணிசமான பகுதி அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. பாங் பா-இன் தொழிற்பேட்டையில் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைக்குள் தண்ணீர் புகுந்த படம் பேப்பரில் வந்தது. நரசிங்கபுரம் தெருவில் காலையில் சொன்ன விலைக்கு மத்தியானம் சரக்கு கொடுக்க மாட்டேன் என்றார்கள். டிஸ்க் விலை இரட்டிப்பானது. புது லேப்டாப் விலையும் கூடவே ஏறியதால், இருப்பதையே சரி செய்துகொள்ளலாம் என்று வந்தவர்கள் அதிகம். பழைய மெஷின்களிலிருந்து கழற்றிய டிஸ்க்குகளைச் சோதித்து, வாரண்டி இல்லாமல் விற்கும் வியாபாரம் அப்போதுதான் எங்கள் மாடிக் கடையில் சூடு பிடித்தது.

அந்த ஹார்ட் டிஸ்க்கின் காலமும் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அதன் இடத்துக்கு வந்த எஸ்எஸ்டியைப் பற்றி 2008 வாக்கிலேயே இன்டெல் வழியாகக் கேள்விப்பட்டோம். வாங்கும் விலைக்கு அது இறங்கி வந்தது 2015க்கு மேல்தான். நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில் எந்தப் பொருளும் எஸ்எஸ்டி அளவுக்கு ஆட்களை வாயடைக்க வைத்ததில்லை. காரணம் எளிது. ஹார்ட் டிஸ்க்கில் தகடு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது, ஒரு முள் அதன்மேல் இங்கும் அங்கும் ஓடித் தேடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் பத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்டாவது ஆகும். எஸ்எஸ்டியில் ஓடுவதற்கு ஒன்றுமே இல்லை, அதில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். விண்டோஸ் எழுந்து வர ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடியாக வேண்டும் என்பதால் வித்தியாசம் முகத்தில் அடித்தாற்போல் தெரியும். முன்பு லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள், உட்கார்ந்த இடத்திலேயே வேலையைத் தொடங்கினார்கள்.

இதில் முப்பது வருஷ ஒழுங்கு கைகொடுத்தது. எஸ்எஸ்டியை அதே இரண்டரை அங்குலத்தில், அதே சாட்டா பின்னோடு செய்தார்கள். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதியது 7. அந்த இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் லொடலொடவென்று ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் தருவார்கள். அது தொலைந்துபோயிருந்தால் ஃபோம் டேப் ஒட்டிவிடுவோம். பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே குளோன் செய்து தருவோம். வால்பேப்பர் முதற்கொண்டு அதே இருக்கும், வேகம் மட்டும் வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கோட்டூர்புரம், ஜாஃபர்கான்பேட்டை, முடிச்சூர் பக்கமிருந்து சேறு படிந்த லேப்டாப்புகளை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். போர்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைப்போம்; பிழைத்தவற்றுக்கெல்லாம் எஸ்எஸ்டிதான் போட்டோம்.

இனி மூடி மறைந்த கதை. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஓர் ஆபீஸ் கவருக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்துக் காட்டினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதில் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தது, பேட்டரி வெளியே கழற்ற வராது. 2011இல் இன்டெல் அல்ட்ராபுக் என்று ஒரு வகையை முன்வைத்து, 13 அங்குலத் திரைக்கு 18 மில்லிமீட்டர், பெரிய திரைக்கு 21 மில்லிமீட்டர் என்று தடிமனுக்கு எல்லை கட்டியது. சோடிம் ஸ்லாட்டும் இரண்டரை அங்குல டிஸ்க்கும் அந்த உயரத்தில் இடைஞ்சல். 2012இல் ரெட்டினா மேக்புக் புரோ வந்தது. ராம் பற்றவைத்தது, பேட்டரி பசையிட்டு ஒட்டியது. பழுது பார்க்கும் வசதிக்கு மதிப்பெண் போடும் ஐஃபிக்சிட் அதற்குப் பத்துக்கு ஒன்று கொடுத்தது.

எல்லாமே நம்மைப் புதிது வாங்க வைக்கச் செய்த சதி என்று எங்கள் தெருவில் பேசுவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்பிடிடிஆர் வகை ராம், பிராசஸருக்கு ஒட்டினாற்போல் பற்றவைத்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்ற நிலை உண்மையிலேயே இருந்தது. பேட்டரி எட்டு மணி, பத்து மணி நேரம் வருவதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்புச் சிப்பைப் போர்டில் பற்றவைத்து, விண்டோஸ் 10 போட்டு, மலிவு லேப்டாப் என்று விற்றார்களே, அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. முதல் பெரிய அப்டேட்டுக்கே அதில் இடம் பற்றாது. வாங்கியவர்கள் பெரும்பாலும் பிள்ளையின் படிப்புக்காகக் கடன் வாங்கிய குடும்பங்கள். என்னால் அதில் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

நடுவாந்திரமாக ஒரு காலமும் உண்டு, அதுதான் பழகுவதற்கு எரிச்சலானது. 4 ஜிபி போர்டில், கூடவே ஒரு ஸ்லாட் காலி. அல்லது ஸ்லாட் இருக்கும், ஆனால் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும். ஸ்டிக்கரில் ஓர் எழுத்து குறைந்தாலும் திரை கறுப்பாகவே இருக்கும். ராம் வாங்க வருகிறவர்களிடம் பழைய அட்டையையும் கையோடு கொண்டுவரச் சொல்வது அதனால்தான்.

2020இல் ஊரடங்கு. தெரு அடைத்துக் கிடந்தது. திறந்தபோது வந்த கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பள்ளி வீட்டுக்குள் வந்துவிட்டது, ஆபீசும் வந்துவிட்டது, புது லேப்டாப் கடையில் இல்லை. பரணில் கிடந்ததெல்லாம் இறங்கிவந்தது. 2010, 2011 மாடல்கள், அண்ணனின் கவர்மெண்ட் லேப்டாப் தங்கைக்கு. பேட்டரி உப்பிப்போய் டச்பேடை மேலே தள்ளியிருக்கும், ஹிஞ்ச் உடைந்து திரை சாய்ந்திருக்கும். மூடி உள்ள மெஷின் வந்தால் அரைமணி நேரத்தில் எஸ்எஸ்டியும் ராமும் போட்டு, வகுப்புக்கு நேரமாகிறது என்று வாசலில் நிற்கும் அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். மூடி இல்லாதவை மேசையில் வரிசையாகக் காத்திருக்கும். ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளின் குத்தகை முடிந்து வந்த திங்க்பேட், லாட்டிட்யூட் வகைகளும் அந்தச் சமயத்தில்தான் வீடுகளுக்குள் நுழைந்தன. கம்பெனிக்கென்று செய்தவை என்பதால் அவற்றில் கழற்றி மாட்டும் வசதியைக் கொஞ்சம் விட்டுவைத்திருந்தார்கள்.

ஒன்றிய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, டிசம்பர் 24ஆம் தேதி ஓர் இணையதளமும் திறந்தது. நல்லதுதான். என் மேசையில் அதனால் இதுவரை மாறியது குறைவு. மென்பொருள் பூட்டு மட்டும் இன்னொரு முறை விழுந்தது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, இன்டெல்லின் ஏழாம் தலைமுறையையும் அதற்கு முந்தியவற்றையும் ஏறத்தாழ மொத்தமாக ஒதுக்கியது. எட்டாம் தலைமுறை லேப்டாப் பிராசஸர் வந்ததே 2017 ஆகஸ்ட்டில்தான். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றபோது, நான் எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்து அருமையாக ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒரே நாளில் 'பழசு' ஆயின. அவற்றில் பாதிக்கு மேல் இப்போது லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன். டேலி கணக்கு மென்பொருள் மட்டும்தான் சிலரை விண்டோஸில் கட்டிப்போட்டிருக்கிறது.

கழற்றும் வசதி திரும்பி வருவதாக ஒரு பேச்சு இருக்கிறது. டெல் கொண்டுவந்த கேம் என்ற தட்டையான ராம் அட்டையை 2023 டிசம்பரில் ஜெடெக் பொதுவான வடிவமாக ஏற்றது. எல்பிடிடிஆரையும் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தும்படி அதில் ஒரு வகை செய்து, 2024இல் திங்க்பேட் பி1இல் வைத்தார்கள். பற்றவைத்தால்தான் ஓடும் என்ற பழைய சமாதானம் அதோடு அடிபட்டுப்போகிறது. அந்த விலை லேப்டாப் வைத்திருப்பவர்கள் நரசிங்கபுரம் தெரு மாடிக்கு ஏறி வருவதில்லை, அது வேறு.

இதற்கிடையில் 2025 கடைசியிலிருந்து ராம் விலை தலைகால் தெரியாமல் ஏறுகிறது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கே ஆலைகள் முதலிடம் கொடுப்பதால் நமக்கு வருவது சுருங்கிவிட்டது. பல வருஷம் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு விற்ற குரூஷியல் பிராண்டையே கடைச் சந்தையிலிருந்து எடுத்துவிடுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. 2011இல் ஹார்ட் டிஸ்க்குக்கு நடந்தது இப்போது ராமுக்கு நடக்கிறது. முன்பெல்லாம் செத்த போர்டு வந்தால் திரைக்கும் கீபோர்டுக்கும்தான் மதிப்பு. இப்போது பழைய லேப்டாப்பை விலை பேச வருகிறவரிடம் நான் பேசிக்கொண்டே முதலில் திறந்து பார்ப்பது ராமைத்தான். ஸ்லாட்டில் 8 ஜிபி டிடிஆர்4 இருந்தால் ஒரு விலை, போர்டில் பற்றவைத்திருந்தால் வேறு விலை. அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. சிலர் முன்கூட்டியே கழற்றி எடுத்துவிட்டுத்தான் கொண்டுவருகிறார்கள்.